ஆர்கன் சாம்பிள்கள்: தேவாலயத்தின் முழக்கத்தோடா, அது இல்லாமலா?

கணினி வழியே ஒலிக்கும் இசைக்கருவிகளில் குழாய் ஆர்கன் அளவுக்கு அசலை நெருங்குபவை சிலவே. விசையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் குழாயின் ஒலியளவு மாறுவதில்லை. விரலை எடுக்கும்வரை அது ஒரே சீராக நிற்கும். எனவே ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே பதிவு செய்து, சீரான நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, விசை விடுபடும்போது எழும் வால் ஒலியை இறுதியில் இணைத்தால், பியானோவிலோ வயலினிலோ எட்ட முடியாத நம்பகத்தன்மை கிடைத்துவிடுகிறது. ஹாப்ட்வெர்க் கட்டண மென்பொருள். கிராண்ட்ஆர்க் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். இரண்டும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் எந்த மென்பொருள் என்பதைக் காட்டிலும், சாம்பிள், அதாவது பதிவு செய்த குழாய் ஒலி, 'வெட்' முறையில் பதிவானதா, 'டிரை' முறையில் பதிவானதா என்பதே கேட்கப்போகும் இசையைத் தீர்மானிக்கிறது.

வெட் பதிவில் மைக் தேவாலயத்தின் நடுக்கூடத்தில் நிற்கும். குழாயின் ஒலியோடு கல்சுவர்களின் முழக்கமும் சேர்ந்தே பதிவாகும். டிரை பதிவில் மைக் குழாய்களுக்கு மிக அருகில் இருக்கும்; ரிவெர்பை, அதாவது முழக்கத்தை, பிறகு மென்பொருளால் சேர்க்கலாம், அல்லது ஒலிபெருக்கி இருக்கும் அரங்கமே அதைத் தந்துவிடும். ஹெட்போனில் கேட்பவருக்கு வெட் பதிவு தரும் இட உணர்வை எந்தச் செயற்கை ரிவெர்பாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பதே என் கணிப்பு. ஏனெனில், ஒவ்வொரு குழாயும் வெவ்வேறு இடத்தில் நின்று கூடத்தை வெவ்வேறு விதமாக எழுப்புகிறது. செயற்கை ரிவெர்போ பெரும்பாலும் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே கூடத்தை ஒரே விதமாகப் பூசிவிடுகிறது.

ஆனால் வெட் பதிவின் பலவீனமும் அந்த முழக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தேவாலயம் ஒலியால் நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும். சட்டென்று விடப்படும் குறுகிய சுரம் எழுப்பும் முழக்கம், நெடுநேரம் பிடித்த சுரத்தின் முழக்கத்தைவிட மெலிந்தது. நீண்ட சுரத்தின் வாலை மட்டும் பதிவு செய்த சாம்பிள் தொகுப்பில், பிரெஞ்சு இசையமைப்பாளர் வீடோர் 1879-இல் இயற்றிய ஐந்தாம் ஆர்கன் சிம்பொனியின் விரைவான இறுதிப் பகுதியான டொக்காட்டாவை வாசித்துப் பார்த்தால் குறை உடனே வெளிப்படும். வலக்கை வெட்டி வெட்டி வாசிக்கும் ஒவ்வொரு பதினாறாம் சுரத்துக்கும் முழு வால் ஒட்டிக்கொள்வதால், முழக்கம் குவிந்து இசையின் வடிவம் கலங்கிவிடுகிறது. குறுகிய, நடுத்தர, நீண்ட அழுத்தங்களுக்குத் தனித்தனி வால்களைப் பதிவு செய்வதே இதற்குத் தீர்வு. நல்ல தொகுப்புகள் அதைச் செய்கின்றன. அதற்கு ஈடாகப் பெருமளவு நினைவகத்தைக் கேட்கின்றன.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் டிரையோ சோனாட்டாக்களில் நிலைமை வேறு. இரண்டு கைகளும் கால்களால் வாசிக்கும் பெடலும் மூன்று தனிக் குரல்களாக நடக்கும் இந்த ஆறு படைப்புகளில் தெளிவே உயிர். இங்கே டிரை பதிவு, அல்லது அருகே வைத்த மைக்குக்குத் தனி அலைவரிசை உள்ள பலவழித் தொகுப்பு, நன்றாகக் கைகொடுக்கிறது. சாம்பிள் தொகுப்புகளை வெளியிடும் சோனஸ் பாரடிசி நிறுவனம் நெதர்லாந்திலுள்ள ஸ்வோல்லே நகரின் 1721-ஆம் ஆண்டு ஷ்னிட்கர் ஆர்கனையும், ஆர்கன் கட்டுநர் காவாயே-கோல் 1885-இல் பிரான்சின் கான் (Caen) நகரில் நிறுவிய ஆர்கனையும் பதிவு செய்துள்ளது. முன்னதை பாக்குக்கும் பின்னதை வீடோருக்கும் வைத்துக்கொள்வதே முறை. இடம் மாற்றி வாசிக்கத் தடையில்லை, இரு பக்கமும் நட்டம் என்பதைத் தவிர.

செசார் ஃபிராங்க் போன்ற இசையமைப்பாளர்களின் இசைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் குழாய்களை அடைத்திருக்கும் ஸ்வெல் பெட்டியின் கதவுகளை உண்மையான ஆர்கனில் மூடும்போது, கூடத்தில் ஏற்கெனவே பரவிய முழக்கம் தன் போக்கில்தான் அடங்கும். வெட் சாம்பிளிலோ முழக்கமும் பதிவுக்குள்ளேயே இருப்பதால், அந்தக் கதவுகளை மூடும் பெடலை இயக்கியதும் குழாயோடு தேவாலயமும் சேர்ந்து ஒடுங்கக்கூடும். டிரை சாம்பிளுக்குப் பின்னால் சேர்க்கும் ரிவெர்பில் இந்தக் குறை எழுவதில்லை.

பதிவே இல்லாமல் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் ஆர்கன்டெக் போன்ற மென்பொருள்களை இவற்றோடு ஒப்பிடுவோரும் உண்டு. அவை வட்டில் சிறிதளவு இடமே பிடிக்கின்றன. ஆயினும், குறிப்பிட்ட ஓர் ஊரின் குறிப்பிட்ட ஆர்கனைக் கேட்க விரும்புவோருக்கு அவை விடையாகா.

ஒலிபெருக்கி உண்மையான தேவாலயத்திலோ முழக்கம் மிக்க அரங்கிலோ நிற்கப்போகிறது என்றால் தயக்கமின்றி டிரை பதிவையே எடுக்கலாம்; வெட் பதிவை அங்கே ஒலிக்கவிட்டால் ஒரு கூடத்தின் மேல் இன்னொரு கூடம் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வெட் தொகுப்பு வாங்குவோர், அதன் சோதனைப் பதிப்பில் எல்லா ஸ்டாப்களையும் (குழாய் வரிசைகளைத் திறக்கும் குமிழ்கள்) இழுத்து, ஒரு சுரக்கூட்டை ஒரு கணம் தட்டிவிட்டு, பிறகு அதையே 5 வினாடி பிடித்து விட வேண்டும். இரண்டு வால்களும் ஒரே அளவில் ஒலித்தால், எத்தனை ஸ்டாப்கள் இருந்தாலும் அந்தத் தொகுப்பை வாங்க வேண்டியதில்லை.