மின்சாரக் காரோடு 10 வருடம்: வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து

இலங்கையில் வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியதிலிருந்து, "அண்ணை, மின்சாரக் கார் எடுக்கலாமா?" என்று கேட்காத ஆளில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருந்துகொண்டு 2015 முதல் ஒரே மின்சாரக் காரைத்தான் ஓட்டுகிறேன். வரி குறைவாக இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கியவற்றில் ஒன்று. பற்றரி 24 கிலோவாட் மணி. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பெண் குரல் அந்த மொழியில் ஏதோ சொல்லும். என் மகள் அதைக் கேட்டே வளர்ந்தவள். அர்த்தம் தெரியாமலே அப்படியே திருப்பிச் சொல்லுவாள்.

காலி வீதியின் நெரிசலுக்கு இதைவிட நல்ல வாகனம் இல்லை என்று இன்றும் சொல்வேன். நின்று நின்று போகும்போது பெற்றோல் கார் எண்ணெயைக் குடிக்கும். இது பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஒயில் மாற்றுகிற வேலை இல்லை. பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது.

பற்றரி வேறு கதை. அதன் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்களில் இப்போது 7தான் மிச்சம். ஆரம்பத்தில் ஏசியோடு 110 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 60 ஓடினால் பெரிய விஷயம். பற்றரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடும் ஏற்பாடு இல்லாத பழைய வகை இது. கொழும்பு வெக்கையில் அது மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே இருக்கும். இன்று வருகிற பெரும்பாலான புதிய கார்களில் அந்த ஏற்பாடு உண்டு, அதனால் என் கணக்கை அப்படியே உங்கள் கணக்காக எடுக்க வேண்டாம். இருந்தாலும் ஒரு மாலையைச் சொல்ல வேண்டும். மழை. வத்தளையிலிருந்து திரும்பி வருகிறோம். கொள்ளுப்பிட்டியில், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் எண் மறைந்து மூன்று கோடுகள் மட்டும் மின்னின. பம்பலப்பிட்டி தாண்டும்போது ஆமைப் படம் எரிந்தது. வேகம் தானாகக் குறைந்தது. ஏசியை நிறுத்தினேன், கண்ணாடி புகை பிடித்தது, பாதிக் கதவுக் கண்ணாடியை இறக்கினோம், மகளின் மடியெல்லாம் சாரல். வீடு வந்து சேரும்வரை ஒருவரும் பேசவில்லை.

2022இல் இதே கார்தான் எங்கள் மாடியையே தாங்கியது. எரிபொருள் தட்டுப்பாடு. பெற்றோல் செட் வரிசையில் ஆட்கள் இரவு இரவாகக் காருக்குள்ளேயே தூங்கினார்கள். நான்காம் மாடி அன்ரிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட்டிப்போனேன். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் போனது. மின்வெட்டுக்காக இடங்களை எழுத்து வாரியாகப் பிரித்திருந்தார்கள்; எங்கள் எழுத்துக்கு எப்போது வெட்டு என்று அட்டவணையைப் பார்த்து, கிடைத்த நேரத்தில் சார்ஜ் போட்டேன்.

சார்ஜ் போட எனக்கு ஒரு பிளக் இருந்தது. அதைப் பெறத்தான் ஐந்து மாதம் அலைந்தேன். "ஒருத்தருக்காகக் கட்டடத்தின் வயரைக் கிண்டுவதா?" என்று மாடிக் கூட்டத்தில் கேட்டார்கள். கடைசியில் என் வீட்டு மீற்றரிலிருந்தே ஆறு மாடி வயர் இழுத்து, என் செலவில், தரிப்பிடத் தூணில் ஒரு பெட்டி பூட்டினேன். அவர்களின் பயத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் கட்டடத்தில் 28 வீடுகள். எல்லாரும் வேலை முடிந்து வந்து இரவு 7 மணிக்கு ஆளுக்கு 3 கிலோவாட் செருகினால் 84 கிலோவாட். அதுவும் ஊரே சமைத்து, விளக்குப் போட்டு, டிவி பார்க்கிற நேரம். நான் டைமர் வைத்து இரவு 10.30க்குப் பிறகுதான் போடுகிறேன். அப்படியும் மாதம் 130 யூனிட் கூடுகிறது. வீட்டுப் பாவனையோடு சேர்ந்தால் 180ஐத் தாண்டி, கட்டணம் மிகக் கூடிய படிக்கு ஏறிவிடுகிறது.

இதனால்தான் "இந்த வருடத்துக்குள் எல்லாம் மின்சாரம்" என்கிற அரச அறிவிப்புகளைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2017 நவம்பர் வரவுசெலவு உரையில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, 2025க்குள் அரச வாகனங்களும் 2040க்குள் எல்லா வாகனங்களும் மின்சாரம் அல்லது ஹைபிரிட் ஆகும் என்றார். நடுவே இறக்குமதித் தடை, பிறகு டொலர் இல்லாத காலம். 2025 வந்து போய்விட்டது. எத்தியோப்பியா 2024இல் பெற்றோல், டீசல் தனியார் கார்களின் இறக்குமதியை நிறுத்தியது, ஆனால் அங்கே மின்சாரம் பெரும்பாலும் சொந்த நீரில் வருகிறது. பிரித்தானியாவில் 2024இல் விற்கும் புதிய கார்களில் 22 வீதம் மின்சாரமாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அங்கே நிறையப் பேருக்கு வீட்டு வாசலிலேயே கார் நிற்கும். இங்கே கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில், அந்த நெருக்கமான சிறு வீடுகளில் இருக்கிற ஓட்டோக்காரர் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறார். அவருக்கு ஆணை போட்டால் எங்கே செருகுவார்?

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பாணந்துறை மின் உபநிலையத்தில் புகுந்த ஒரு குரங்கால் நாடே இருண்டது. என்னால் தாங்க முடியாதது இதுதான்: நடுப்பகல் வெயில் வீணாகிற நேரத்தில் என் கார் அலுவலகத் தரிப்பிடத்தில் எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. அங்கே ஒரு பிளக் கிடையாது. பிறகு இரவில் நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியில் அதை நிரப்புகிறேன். ஆணை போடத்தான் வேண்டும் என்றால் தரிப்பிடங்களுக்குப் போடட்டும். அலுவலகங்கள், பல்பொருள் அங்காடிகள், புதிதாக எழும் ஒவ்வொரு தொடர்மாடி, எல்லாவற்றுக்கும். அப்புறம் காரை யாரும் திணிக்க வேண்டியதில்லை.

எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் விலையோ மொடலோ கேட்பதில்லை. கார் இரவில் எங்கே நிற்கும், பகலில் எங்கே நிற்கும் என்றுதான் கேட்கிறேன். எங்கள் மாடியில் இப்போது இன்னும் இரண்டு பேர் வாங்கப் போகிறார்கள். மூன்று தனி வயர் வேண்டாம், 28 தரிப்பிடத்துக்கும் சேர்த்து ஒரே வயர்க் குழாயாக இழுப்போம் என்று போன கூட்டத்தில் கேட்டேன். நான்காம் மாடி அன்ரிதான் முதலில் கை தூக்கினார். அடுத்த மாதம் செலவுக் கணக்கு வரும்.