வாடகை மோட்டார்ஹோமும் எடைக் கணக்கும்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குச் சென்று, கிறைஸ்ட்சர்ச்சில் ஆறு படுக்கைகள் கொண்ட மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுப் பழக்கமாகிவிட்டது. இத்தகைய வண்டிகளின் சமையலறையையும் படுக்கையையும் பற்றிப் பலர் எழுதியிருப்பதால், அதிகம் பேசப்படாத எடை விஷயத்தை மட்டும் இங்கே பகிர்கிறேன்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் லாரிகளின் பக்கவாட்டில் வெற்று எடையும் அதிகபட்ச எடையும் எழுதப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மோட்டார்ஹோமிலும் எடை வரம்பு ஓர் உலோகத் தகட்டிலோ ஒட்டுச்சீட்டிலோ இருக்கும். பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டியோ என்ஜின் மூடிக்குள்ளோ தேடினால் கிடைக்கும். அதில் வண்டியின் மொத்த எடை வரம்புடன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்புகளும் குறிக்கப்பட்டிருக்கும். இந்த மூன்றில் எதை மீறினாலும் அது மிகைச் சுமைதான்.

ஓர் எடுத்துக்காட்டு: மொத்த வரம்பு 3,500 கிலோ, வெற்று எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 500 கிலோ தாராளமானதாகவே தோன்றும். ஆனால் ஓட்டுநரைத் தவிர்த்து இரு பெரியவர்களும் இரு பிள்ளைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 230 கிலோ, நிரம்பிய 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி 100 கிலோ, ஆளுக்கு 15 கிலோ வீதம் ஐவரின் பைகள் 75 கிலோ, மளிகை, பாத்திரம், போர்வை, மடக்கு நாற்காலிகள் எல்லாம் 70 கிலோ என்று கூட்டினால், கையில் மிஞ்சுவது 25 கிலோ மட்டுமே. ஆறு படுக்கைகள் இருப்பதாலேயே ஆறு பேரும் அவர்களுடைய மூட்டைகளும் ஏறலாம் என்று பொருளாகாது. மேலும், வெற்று எடை என்பதில் எவையெல்லாம் அடங்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஐரோப்பியக் கணக்கில் 75 கிலோ ஓட்டுநரும் 90 விழுக்காடு எரிபொருளும் சேர்க்கப்பட்டிருக்கும், ஆஸ்திரேலியாவின் வெற்று எடையிலோ 10 லிட்டர் எரிபொருள் மட்டுமே அடங்கும். வாடகை நிறுவனம் தரும் எண் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

நடைமுறையில் முதலில் வரம்பைத் தொடுவது பெரும்பாலும் பின் அச்சுதான். பொருள் வைக்கும் பெரிய அறை வண்டியின் வாலில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் தூரம் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 1.5 மீட்டர் அப்பால் 100 கிலோவை வைத்தால், பின் அச்சின் மீது கூடுவது 100 கிலோ அன்று, 137.5 கிலோ, முன் அச்சிலிருந்து 37.5 கிலோ குறைந்துவிடும். புளோக்கின் கீழே பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையின் கணக்கேதான் இது. முன் சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியில் இதன் விளைவு உடனே தெரியும்: ஸ்டியரிங் லேசாகும், ஈரச் சரளையில் ஏறும்போது சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். ஆகவே அரிசி, டின் உணவு, தண்ணீர் பாட்டில் போன்ற கனமானவற்றை இரு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு ஒட்டிய பெட்டிகளில் வைக்கிறோம். தலைக்கு மேல் உள்ள அலமாரிகளில் துணியும் ரொட்டியும் தவிர வேறெதுவும் வைப்பதில்லை.

சாங்கியில் பெட்டி எடை கூடிவிடக் கூடாதே என்று வாங்கிய கொக்கித் தராசுதான் எங்களுக்கு இதில் மிகவும் பயன்பட்ட கருவி. ஒவ்வொரு பையையும் அதில் தொங்கவிட்டு, எண்ணை ஒட்டுத்தாளில் எழுதிப் பையின் மீதே ஒட்டிவிடுவாள் என் மகள். மாமியாரின் எடையை மட்டும் நாங்கள் கேட்பதில்லை. தாராளமாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கிறோம். ஆயினும் இவை எல்லாம் மதிப்பீடே. அனைவரும் ஏறி, தொட்டியும் நிரம்பிய நிலையில் எடைமேடையில் நிறுத்தி, முழு வண்டியையும் பிறகு ஒவ்வோர் அச்சையும் தனியாக நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

குறைப்பதற்கு எளிதானது தண்ணீர். மறுநாள் குழாய் வசதியுள்ள முகாமில்தான் தங்கப் போகிறோம் என்றால் தொட்டியைப் பாதியளவே நிரப்புகிறோம். கழிவுநீரையும் கழிப்பறைப் பெட்டியையும் புறப்படும் முன் காலி செய்துவிடுகிறோம். முகாமுக்கு வெளியே இரவு தங்கும் திட்டம் இருந்தால் மட்டும் இந்தச் சிக்கனம் பொருந்தாது. 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாயிலிருந்து இறங்கும்போது, சுமை குறைந்த வண்டி பிரேக்குக்குப் பணிவதில் உள்ள வேறுபாட்டைக் காலிலேயே உணரலாம். டயர்க் காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடேறும் முன், பார்த்துவிடுவதும் இதோடு சேர்ந்த வேலை; சுமைக்குப் போதாத காற்றோடு ஓடும் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

கூடுதல் வரம்புள்ள வண்டியை எடுத்தால் சிக்கல் தீருமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பெருமளவு தீரும், ஆனால் நியூசிலாந்தில் மொத்த எடை வரம்பு 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிகள் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. எங்களைப் போல அவசரமில்லாத ஐவருக்கு அது ஒரு குறையே இல்லை. மூவர் மட்டும் செல்வதாக இருந்தால் 3,500 கிலோ வண்டி போதும் என்பேன். எதுவானாலும், முன்பதிவு செய்யும் முன் அந்த எடைத் தகட்டின் படத்தை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் எழுதிவிடுகிறேன். ஒரு நிறுவனம் மும்முறை கேட்டும் வண்டியின் உட்புறப் படங்களையே அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே நாங்கள் பதிவு செய்யவில்லை.