பழைய குளூம்ஹேவன் பெட்டி வாங்கவிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சுங்கை சிப்புட்டில் குளூம்ஹேவன் போன்ற பலகை விளையாட்டுகளைத் தேடினால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். நாங்கள் போன அன்று அங்கும் அது இல்லை. ஆகவே, சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும் நால்வரும் ஆளுக்கு 105 ரிங்கிட் போட்டு, முகநூலில் ஒருவர் 420 ரிங்கிட்டுக்கு விற்ற பெட்டியை வாங்கினோம். “பிரிச்சுப் பார்த்ததோட சரிண்ணே, ஒரு ஆட்டம்கூட ஆடல” என்று குரல்பதிவு அனுப்பினார். பேச்சு அத்தனை பணிவாக இருந்ததால் முழுப் பணத்தையும் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டோம். படம் கேட்டதற்கு மேல்மூடியை மட்டும் எடுத்து அனுப்பினாரே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2017இல் வெளிவந்த இந்த விளையாட்டு, கேரம் போல ஆடிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கும் வகையன்று. நாம் ஏற்று ஆடும் 17 வீரர்களில் 6 பேர்தான் தொடக்கத்தில் கைக்குக் கிடைப்பார்கள். மற்ற 11 பேரும் வெளியே ஒரு குறி மட்டும் அச்சிட்ட, மூடி ஒட்டப்பட்ட சிறு பெட்டிகளில் காத்திருப்பார்கள். நம் வீரர் தமக்குரிய இலக்கை எட்டி ஓய்வு பெறும்போதுதான் அவற்றில் ஒன்றைத் திறக்கலாம் என்பதே இதன் சுவை. 95 ஆட்டக்களங்களில் புதிதாக ஒன்று திறக்கும்போது வரைபடத்தில் ஒட்டுவில்லை ஒட்ட வேண்டும். திறன் அட்டையை மேம்படுத்தினால் அதன் மீதும் ஒட்ட வேண்டும். ஒருவர் ஆடிய பெட்டியில் அவர் நடந்த தடம் முழுவதும் பதிந்திருக்கும்.

பார்சல் வந்ததும் முதலில் ஐயப்பட்டவர், செம்பனை ஆலையின் எடை மேடையில் வேலை பார்க்கும் என் மைத்துனர்தான். புதுப் பெட்டி ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். கூரியர் சீட்டிலோ 7.2 கிலோ என்று இருந்தது. சூரியக் குறியிட்ட சிறு பெட்டியின் மடிப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது, பிளேடால் கீறிய இடத்தின்மேல் செலோடேப்பைப் படிய ஒட்டியிருந்தது தட்டுப்பட்டது. வரைபடத்திலிருந்து உரித்த ஒட்டுவில்லைகளோடு தாளின் மேல்தோலும் போய், தேமல் போல 31 வெள்ளைத் திட்டுகள் இருந்தன. ஆட்டக்களத்தை அமைக்கும் 30 தரை அட்டைகளில் ஏழு இல்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு, “சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்கு இவ்வளவா?” என்று எழுதிவிட்டு எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். வெறும் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அது தொழிலாக விற்பவர்கள் மீதான வழக்குகளுக்கு உரியது, வீட்டுப் பொருளை விற்கும் தனிநபரிடம் அது எடுபடுவது கடினம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். விற்பவரின் கணக்கு எண்ணைக் மோசடிப் புகார் உள்ள வங்கிக் கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தேடிப் பார்க்கும் வழக்கமும் எங்களுக்கு இதற்குப் பிறகுதான் வந்தது.

வாங்குவதாக இருந்தால், விரித்த வரைபடத்தையும், 11 சிறு பெட்டிகளின் மடிப்புகளையும், தராசில் வைத்த பெட்டியையும் காணொளியாக அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். எங்களிடம் இல்லாத ஏழு அட்டைகளையும் மைத்துனர் பழைய நாள்காட்டி அட்டையில் அளவெடுத்து வெட்டிக்கொண்டிருக்கிறார், நான்கு முடிந்துவிட்டன.