கணினியின் ஐபி முகவரி 169.254 என்று காட்டினால் ‘லேன் போர்ட் போச்சு’ என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பொங்கல் முடிந்த வாரம் ஒரு வீட்டுக் கணினியில் இணையம் வரவில்லை. அதே ரவுட்டரில் போன்களும் டிவியும் நன்றாக ஓடின. சர்வீஸ் கடைக்காரர் சொன்னது: “ரவுட்டர் நல்லாத்தாங்க இருக்கு, இல்லன்னா போன்ல எப்படி வரும்? போர்டுல லேன் போர்ட் போயிடுச்சு.” அதாவது, மதர்போர்டில் இணையக் கேபிளைச் செருகும் துளை பழுது என்றார். ஐந்து நாள் வைத்திருந்து, புது லேன் கார்டு, விண்டோஸ் போட்டது, ‘போர்டு சர்வீஸ்’ என்று துண்டுச்சீட்டில் எழுதி 4,200 ரூபாய் வாங்கினார்கள். கேட்காமலே டி டிரைவையும் சேர்த்து ஃபார்மேட் செய்துவிட்டார்கள். பிள்ளைகளின் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் இணையம் வந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. சித்திரையில் உறவினர்கள் வந்து தங்கிப்போன பிறகு, புது கார்டிலும் அதே கோளாறு. அப்போதுதான் பழைய போர்ட்டைச் சோதித்தார்கள். அதில் பழுதே இல்லை.

நடந்தது இதுதான். கணினி தனக்கு ஐபி முகவரி (வலைப்பின்னலில் அதை அடையாளம் காட்டும் எண்) வேண்டும் என்று வலைப்பின்னல் முழுவதற்கும் குரல் கொடுக்கும். ரவுட்டரில் உள்ள, முகவரி வழங்கும் டிஹெச்சிபி (DHCP) என்ற சேவை தன் கையிருப்பிலிருந்து ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். பதிலே வராவிட்டால் விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும் முகவரியை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்கும். அந்த வீட்டு ரவுட்டரில் கையிருப்பு 192.168.1.100 முதல் 109 வரை, பத்தே முகவரிகள். குத்தகைக் காலம் ஏழு நாள். விடுமுறையில் கணினி ஒரு வாரத்துக்கு மேல் அணைந்திருந்ததால் அதன் குத்தகை முடிந்து, முகவரி பொங்கலுக்கு வந்த விருந்தாளிகளின் போன்களில் ஒன்றுக்குப் போய்விட்டது. அவர்கள் ஊருக்குப் போன பிறகும் குத்தகை தீரும்வரை அந்த இடங்கள் காலியாகவில்லை. வீட்டுப் போன்கள் தங்கள் முகவரியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்ததால் அவற்றுக்குக் குறை தெரியவில்லை. கணினி கடையில் இருந்த ஐந்து நாளில் இடம் காலியானது. கார்டு மாற்றியது ‘வேலை செய்தது’ இப்படித்தான்.

கடையின் சொந்த இணைப்பில் பழைய போர்ட்டைச் செருகியிருந்தால் அரை நிமிடத்தில் முகவரி வந்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல் பணம் வாங்கியதுதான் பொறுக்க முடியாதது.

கடைக்குத் தூக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்று வந்தால் கேபிளையும் ரவுட்டரில் செருகும் துளையையும் மாற்றிப் பாருங்கள். லேன் துளையின் விளக்கு அப்போதும் எரியாவிட்டால் போர்ட்டைச் சந்தேகிக்கலாம். 169.254 என்று வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது, முகவரிதான் கிடைக்கவில்லை என்று பொருள். இடி மின்னலில் அடிபட்ட போர்ட் சில நேரம் விளக்கை மட்டும் எரியவிட்டு ஏமாற்றும். எனவே அடுத்த சோதனையையும் தவறாமல் செய்யவும்.

போனின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ (ரவுட்டரின் முகவரி) என்ன என்று பாருங்கள். 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். கணினியில் ஈதர்நெட் பிராப்பர்ட்டீஸ் திறந்து, ஐபி பதிப்பு 4-இல் முகவரி 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று கையால் கொடுங்கள். (50 வேறு கருவியிடம் இல்லாமல் இருக்க வேண்டும்.) பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் (ping) 192.168.1.1 என்று அடியுங்கள். வரும் பதிலில் ‘டிடிஎல்’ (TTL) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ வந்தாலும் விண்டோஸ் அதைப் பெற்ற பதிலாகவே எண்ணி ‘ரிசீவ்டு 4’ என்று காட்டும். அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். டிடிஎல்லோடு பதில் வந்துவிட்டால் கார்டு, கேபிள், ரவுட்டர் துளை மூன்றும் நலம். எவர் சொன்னாலும் போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கையால் கொடுத்த முகவரியை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. சில கடைகளில் அதைச் செய்துவிட்டு ‘சரி பண்ணியாச்சு’ என்பார்கள். ரவுட்டர் மாறி அதன் முகவரி 192.168.29.1 என்று ஆனால் மறுபடியும் இணையம் போகும். சோதனை முடிந்ததும் தானாகப் பெறும் நிலைக்குத் திருப்புங்கள்.

அடுத்து, போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) போடுங்கள். அதில் கணினி தானாக முகவரி பெற்றால் விண்டோஸ் பக்கம் பெரும்பாலும் குறையில்லை. ரவுட்டரைப் பார்க்க வேண்டும். பெறாவிட்டால் சர்வீசஸ் பட்டியலில் ‘டிஹெச்சிபி கிளையன்ட்’ ஓடுகிறதா என்று பாருங்கள். வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்களால் அது நின்றுபோவதுண்டு. ஆன்டிவைரஸின் ஃபயர்வாலும் தடுக்கலாம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி இயங்குகிறதா, மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் வலைக் கார்டுக்கும் உள்ள தனி எண்) வடிகட்டல் போட்டிருக்கிறதா என்று கவனித்துவிட்டு, கையிருப்பை 100 முதல் 199 வரை விரியுங்கள். குத்தகையை ஒரு நாளாக்குங்கள்: 1440 நிமிடம், நொடியில் கேட்டால் 86400. கணினியின் மேக் முகவரிக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவைத்தால் எத்தனை விருந்தாளி வந்தாலும் அது பறிபோகாது.

போர்ட் உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றே போதும். போர்டை மாற்றவோ விண்டோஸை அழிக்கவோ தேவையில்லை. கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், முன்பே படங்களை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள், ‘ஃபார்மேட் செய்யக் கூடாது’ என்று வேலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். முறையான பில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.