ஒரிஜினலை மீட்டுத் தருகிறோம் என்று ஸ்டூடியோவில் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

என் பாட்டியும் தாத்தாவும் திருமணமான புதிதில் எடுத்துக்கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தின் அச்சுப் பிரதி, 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை வீட்டுக்குள் புகுந்தபோது, கணினியோடு சேர்ந்து ஊறிப்போனது. அதற்கு முன்பே 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டு வைத்திருந்த ஒரே ஜேபெக் கோப்புதான் எங்களிடம் மிஞ்சியது. இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு. அதை மறைக்கப் போவதில்லை.

சில மாதங்களுக்கு முன், படத்திலிருந்த கறைகளை நீக்கித் தரும்படி மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் அந்தப் பென் டிரைவைக் கொடுத்தேன். கட்டணம் 1,200 ரூபாய். கறை போனது, கூடவே பாட்டியின் கன்னத்து மச்சமும் போனது. முகம் மெழுகு பூசியது போல் வழவழப்பாகியிருந்தது. கேட்காமலேயே இருவரையும் வெளுப்பாக்கியிருந்தார்கள் (கருப்பு வெள்ளைப் படத்தில்கூட நம் ஊரில் இந்த ஆசை விடுவதில்லை). அடியில் தாத்தா பேனாவால் எழுதியிருந்த வரியை ஓரத்தோடு வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் அதே கோப்பின் மேலேயே சேமித்திருந்தார்கள்.

நான் பதறியபோது, கணினி முன் அமர்ந்திருந்த ஊழியர், "கவலைப்படாதீங்க சார், எப்ப வேணும்னாலும் ஒரிஜினலுக்குத் திரும்பிடலாம், அதுக்குத் தனி சார்ஜ்" என்றார். நானும் நம்பினேன். கைப்பேசியில் கூகுள் போட்டோஸிலோ ஐபோனிலோ ஒரு படத்தைத் திருத்திச் சேமித்த பிறகும் அதே செயலியில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிறது. 2016-ல் கூகுள் கைவிட்ட பிக்காசா என்ற பட மென்பொருளும் மூலப் படத்தை ஒரு மறைவான கோப்புறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள் மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை, செய்த திருத்தங்களைக் குறிப்புகளாகத் தனியே எழுதிக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தில், எல்லா மென்பொருளும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன்.

அவர்கள் பயன்படுத்தியதோ போட்டோஷாப். அதில் செய்த திருத்தங்களைப் படிப்படியாகக் காட்டும் ஹிஸ்டரி பட்டியல் வழக்கமான அமைப்பில் கடைசி 50 படிகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். கோப்பை மூடியதும் அதுவும் அழிந்துவிடும். ரிவர்ட் என்ற கட்டளை கடைசியாகச் சேமித்த நிலைக்குத்தான் கொண்டுபோகும், முதன்முதலில் இருந்த நிலைக்கு அல்ல. திருத்தங்களை ஒன்றன் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளாக, அதாவது லேயர்களாக வைத்து, போட்டோஷாப்பின் சொந்த வகையான பிஎஸ்டி கோப்பாகச் சேமித்து, அடியிலுள்ள மூல லேயரைத் தொடாமல் விட்டிருந்தால் திரும்ப வழி இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்து மூடிய அன்றே அந்த வழி அடைபட்டுவிட்டது என்பது, அந்த மென்பொருளிலேயே நாள் முழுவதும் வேலை செய்பவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தெரிந்தும் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து "மீட்ட" படத்தைக் கொடுத்தார்கள். நிறம் சற்று மங்கியிருந்தது, பழைய அச்சில் தெரிவது போன்ற பொரிப்பொரியான புள்ளிகளும் இருந்தன, மச்சமும் இருந்தது. நிம்மதியோடு குரோம்பேட்டையிலுள்ள அத்தையிடம் காட்டினேன். அவர் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை: "அம்மாவுக்கு மச்சம் வலது கன்னத்துலல்லடா இருந்துது?" நான் ஸ்டூடியோவில் எந்தக் கன்னம் என்று சொல்லியிருக்கவில்லை, அவர்கள் இடது கன்னத்தில் வரைந்து வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். கோப்பின் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பார்த்தேன். என் ஸ்கேன் 3600-க்கு 4800 பிக்சல். மீட்டதாகச் சொன்ன படம் 3600-க்கு 4500, அதாவது ஓரம் வெட்டப்பட்ட அதே படம். நீங்களும் படத்தைக் கொடுப்பதற்கு முன் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பது பிரதியாக மட்டுமே இருக்கட்டும். முடிந்த படத்தோடு லேயர்கள் கலையாத பிஎஸ்டி கோப்பையும் தரும்படி பணம் கட்டும்போதே பேசிவிடுங்கள்.

ரிச்சி தெருவில் தரவு மீட்புச் செய்யும் ஒருவரிடம் பென் டிரைவைக் காட்டினேன். பழைய கோப்பின் தடயம் எங்காவது எஞ்சியிருந்தாலும், அதன் பிறகு நானே அதில் ஏற்றிய படங்கள் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்று சொல்லி, காசு வாங்காமலேயே அனுப்பிவிட்டார். கடைசியில் கோவையிலிருக்கும் தங்கைக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி அவள் கைப்பேசியில் கிடைத்தது. டாக்குமென்டாக அனுப்பாமல் சாதாரணப் படமாக அனுப்பியிருந்ததால் அது 1200-க்கு 1600 பிக்சலாகச் சுருங்கியிருந்தது. நான்கு அங்குல அகலத்துக்கு மேல் அச்சிட்டால் தெளிவு கெடுகிறது. ஆனால் மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது, தாத்தாவின் கையெழுத்தையும் கஷ்டப்பட்டு வாசிக்க முடிகிறது.

ஸ்டூடியோ உரிமையாளர் நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் 500 ரூபாயைத் திருப்பித் தந்தார். மீதித் தொகைக்கு ஈடாக, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஃபிரேம் போட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். எந்தப் படத்தை என்று கேட்டேன்; இதுவரை பதில் இல்லை.