ரிச்சி தெருவில் பழைய கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? 960எம் கிராபிக்ஸ் கார்டைக் காட்டி 950எம் கொடுக்கிறார்கள்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கேமிங் லேப்டாப் தேடுகிறவர்கள், முக்கியமாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்காகத் தேடுகிற பெற்றோர், இதை முழுசாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்கிறேன். இதே வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம் என்பதால் அதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

என் அக்கா மகன் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்தான். லீவில் கேட்டரிங் வேலைக்குப் போய் அவன் சேர்த்த காசு கொஞ்சம், அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்தது மீதி. மொத்தம் 24,000 ரூபாய். அந்தக் காசுக்குக் கிராபிக்ஸ் கார்டு (கேம் காட்சிகளை வரைகிற தனிப் பகுதி) உள்ள புது லேப்டாப் கிடைக்காது. அதனால் பழசில் எது நல்லது என்று பையனே உட்கார்ந்து படித்து, என்விடியா ஜிடிஎக்ஸ் 960எம் இருந்தால் போதும் என்று முடிவு செய்திருந்தான். 2015இல் வந்த கார்டு அது. 640 கோர் (கணக்குப் போடுகிற சின்னச் சின்னப் பகுதிகள்), ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி. ஜிடிஏ 5 மாதிரியான கேம்களை நடுத்தர செட்டிங்கில் இன்றைக்கும் ஓட்டும். அவன் கணக்கு சரியான கணக்குதான்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டோம். "960எம் 2 ஜிபி, ஐ5 6300ஹெச்க்யூ, 8 ஜிபி ரேம், ஸ்டாக் இருக்கு, வாங்க" என்று போட்டோவோடு பதில் வந்தது. சாயந்திரம் மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே போய்விட்டோம். மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. மேசையில் அந்த லேப்டாப்பில் ஜிடிஏ 5 ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண் தெரிந்தது. முழு எச்டியில் ஐம்பதை ஒட்டியே நின்றது. பையன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிடிஎக்ஸ் 960எம் என்று இருப்பதையும் பார்த்துக்கொண்டான். விலை பேசி, ஜிபே செய்தாயிற்று.

காசு போன பிறகுதான் கடைக்காரர் சொன்னார்: "தம்பி, இந்தப் பீஸ்ல ஸ்பேஸ்பார் கொஞ்சம் மக்கர் பண்ணுது. குடோன்ல இதே மாடல் இருக்கு, பாடி புதுசு மாதிரி இருக்கும். அதைத் தர்றேன்." அரை மணி நேரத்தில் கடை ஆள் ஒருவர் பபுள் ராப் சுற்றிய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதே கறுப்பு உடல், அதே சிவப்பு எழுத்து கீபோர்டு. கை வைக்கிற இடத்தில் கடை ஒட்டிய ஸ்டிக்கரில் 960எம் என்று அச்சடித்திருந்தது. கடைக்காரர் ஆன் செய்து விண்டோஸ் வந்ததைக் காட்டினார். கீபோர்டு, ஸ்க்ரீன், ஸ்பீக்கர் எல்லாம் சரியாக இருந்தன. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்று சொல்லி, கையால் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார். "யூஸ்டு லேப்டாப் ஐ5 / 8 ஜிபி / 4 ஜிபி கிராபிக்ஸ் - 1. டெஸ்டிங் வாரண்டி 7 நாள்." கேட்டது 2 ஜிபி, சீட்டில் இருந்தது 4 ஜிபி. பையன் அதைக் கேட்டதற்கு, "கூடத்தானே தம்பி கொடுத்திருக்கேன்" என்றார்.

வீட்டில் அதே கேம், அதே செட்டிங். முப்பதைத் தொடவே திணறியது. ஊருக்குள் வண்டியை வேகமாக ஓட்டினால் படம் விட்டுவிட்டு நகர்ந்தது.

முதலில் அடாப்டரைச் சந்தேகப்பட்டோம். காரணம் இருந்தது. கடையில் மேசைக்கடியில் கிடந்தது செங்கல் கனத்தில் பெரிய அடாப்டர். எங்கள் பையில் வந்தது உள்ளங்கை அளவு. திருப்பிப் பார்த்தால் 19 வோல்ட், 3.42 ஆம்பியர், அதாவது 65 வாட்ஸ். நாலு கோர் ஹெச்க்யூ ப்ராசஸரும் தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ள அந்த லேப்டாப்புக்குக் கம்பெனி கொடுப்பது 19 வோல்ட், 6.32 ஆம்பியர், 120 வாட்ஸ். பக்கத்து வீட்டில் அதே பிராண்டின் 120 வாட்ஸ் அடாப்டர் இருந்தது, செருகுகிற முனையும் அதேதான். அதைப் போட்டதும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் கடையில் பார்த்த ஓட்டம் வரவில்லை.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். ஜிடிஎக்ஸ் 950எம்.

ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான், அதில் கார்டின் ஜாதகமே இருக்கும். அதை இறக்கித் திறந்தோம். மெமரி டைப் என்ற கட்டத்தில் டிடிஆர்3, மெதுவான வகை. பஸ் விட்த் (மெமரிப் பாதையின் அகலம்) 128 பிட். பேண்ட்விட்த், அதாவது மெமரியிலிருந்து எடுக்கிற வேகம், நொடிக்கு 32 ஜிபி. 960எம்மில் அந்தக் கட்டத்தில் 80 என்று இருக்க வேண்டும். பாதிகூட இல்லை. பையன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, எழுந்து போய்விட்டான்.

மறுநாளே போனோம். கடைக்காரர் பதறவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்த மாதிரி பேசினார்.

"சார், ரெண்டும் ஒரே சிப்பு. ஜிஎம்107. இதுலயும் 640 கோர், அதுலயும் 640 கோர். கூகுள் பண்ணிப் பாருங்க. அதுல மெமரி 2 ஜிபி, இதுல 4 ஜிபி. லாபம் உங்களுக்குத்தான்."

கோபம் வருவது இங்கேதான். அவர் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. 950எம், 960எம் இரண்டும் என்விடியாவின் மேக்ஸ்வெல் தலைமுறை, இரண்டிலும் இருப்பது ஜிஎம்107 சிப்தான், கோர் எண்ணிக்கையும் ஒன்றுதான். 960எம் 1096 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும், 950எம் அதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். அது பெரிய இடி இல்லை. பெரிய இடி மெமரியில் இருக்கிறது. 950எம்மை ஜிடிடிஆர்5 போட்டும் விற்றார்கள், டிடிஆர்3 போட்டும் விற்றார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. ஜிடிடிஆர்5 போட்ட 950எம் என்றால் அதற்கும் நொடிக்கு 80 ஜிபிதான், 960எம்முக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்களுக்குக் கொடுத்தது டிடிஆர்3 போட்டது. சிப்பின் பெயரை மனப்பாடமாகச் சொல்கிற கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

4 ஜிபி என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். கார்டு ஒவ்வொரு காட்சியையும் வரையும்போது மெமரியிலிருந்து படங்களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று, எவ்வளவு வேகத்தில் எடுக்க முடியும் என்பது இன்னொன்று. மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இறங்குகிற குழாய் ஒல்லியாக இருந்தால் கீழே நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். இந்தத் திறமையில் உள்ள கார்டுக்கு 4 ஜிபியை நிரப்பி வேலை செய்கிற வேகமே கிடையாது. மெதுவான டிடிஆர்3 மலிவு. அதனால் அதை அள்ளிப் போட்டு "4 ஜிபி கிராபிக்ஸ்" என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்தார்கள். அந்தப் பெரிய எண்ணை வைத்துத்தான் பழைய சந்தையில் இன்னும் பிழைப்பு ஓடுகிறது. கேமை 720பிக்கு இறக்கினால் எங்கள் லேப்டாப்பிலும் நன்றாகவே ஓடுகிறது. பிக்சல் குறைந்தால் மெமரிப் போக்குவரத்தும் குறைகிறதே. ஆனால் அதற்காகவா 960எம்முக்கு உள்ள விலையைக் கொடுத்தோம்?

இது 950எம்மோடு முடிகிற கதை இல்லை. என்விடியாவின் 940எம்எக்ஸ் கார்டும் டிடிஆர்3, ஜிடிடிஆர்5 என்று இரண்டு விதமாக வந்தது. அது 2016இல் வந்த கார்டு என்பதால், "960எம் 2015, இது அதைவிடப் புதுசு" என்று சொல்லி விற்க வாய்ப்பு அதிகம். அதில் மெமரி பஸ் 64 பிட்தான். டிடிஆர்3 வகையில் பேண்ட்விட்த் நொடிக்கு 16 ஜிபியைத் தாண்டாது. 960எம்மில் ஐந்தில் ஒரு பங்கு. எம்எக்ஸ்150 என்ற கார்டும் இரண்டு விதமாக வந்தது, ஆனால் கதை வேறு மாதிரி. இரண்டிலும் 384 கோர், பெயரும் ஒன்றே. ஒன்று 25 வாட்ஸில் 1468 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும், மெல்லிய லேப்டாப்புகளுக்கான இன்னொன்று 10 வாட்ஸில் 937இல் தொடங்கும். 2018இல்தான் இது வெளியே தெரிந்து பெரிய பேச்சானது. ப்ராசஸரிலும் இதே தந்திரம் உண்டு. ஐ5 7200யு ஏழாம் தலைமுறை, ஐ5 6300ஹெச்க்யூ ஆறாம் தலைமுறை. தலைமுறை எண்ணைப் பார்த்தால் முதலாவது உசத்தி. உள்ளே 7200யுவில் இரண்டு கோர், 6300ஹெச்க்யூவில் நாலு.

சரி, கடைக்கு வருகிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அதே மேசையில் அதே லேப்டாப், அதே ஜிடிஏ 5. ஒரு அப்பாவும் மகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் டைப் செய்து பார்த்தாள், ஸ்பேஸ்பார் நன்றாகத்தான் வேலை செய்தது. அவர்கள் காதில் விழுகிற மாதிரியே நான் கேட்டேன்: "எங்களுக்கு இதைக் காட்டிட்டுத்தானே வேறொன்றைக் கொடுத்தீங்க?" அந்த அப்பா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "வாம்மா போலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் கடைக்காரர் குரலை உயர்த்தினார். டெஸ்டிங் வாரண்டி என்றால் லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் மட்டும்தானாம். வேண்டுமானால் இன்னும் 5,000 கொடுத்துவிட்டு 960எம்மை எடுத்துக்கொள்ளலாமாம். காட்டி விற்ற பொருளுக்கே இரண்டாம் முறை காசு கேட்கிறார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தோம். கடை அதற்கும் அசையவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். இதில் பலருக்குத் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கடை இருக்கிற இடத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். பில் கொடுக்காமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். எங்கள் கையில் உள்ள பலமான சாட்சி அந்த வாட்ஸ்அப் பதிலும் ஜிபே ரசீதும்தான். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் கார்டின் பெயரே இல்லை. அப்படித் திட்டமிட்டே எழுதியிருக்கிறார். கடையோடு பேசுவதை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள், எதையும் அழித்துவிடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன செய்ய வேண்டும்? காட்டுகிற பீஸின் அடியில் உள்ள சீரியல் எண்ணை முதலிலேயே போட்டோ எடுங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரைக்கும் பாருங்கள். எங்கள் மாடலில் ஒரே உடலில் 960எம் போட்டதும் உண்டு, 950எம் போட்டதும் உண்டு. கடைசி எழுத்து மட்டும்தான் மாறுகிறது. பென் டிரைவில் ஜிபியு-இசட்டைப் போட்டு எடுத்துப் போங்கள், அதை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. மெமரி டைப்பும் பேண்ட்விட்த்தும் பாருங்கள். கார்டின் பயாஸை (அதற்குள்ளேயே இருக்கிற அடிப்படை மென்பொருளை) மாற்றிப் போலியாக்கியிருந்தாலும் பெரும்பாலும் அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். டாஸ்க் மேனேஜரிலோ விண்டோஸின் டிஎக்ஸ்டயாக் என்ற கருவியிலோ மொத்தம் 6 ஜிபி, 8 ஜிபி என்று கிராபிக்ஸ் மெமரியைக் காட்டினால் நம்பாதீர்கள். ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடியதையும் அதில் கூட்டியிருக்கும். டெடிகேட்டட் என்று போட்டிருப்பது மட்டும்தான் கார்டுடையது. சார்ஜரைச் செருகியே சோதியுங்கள், பேட்டரியில் கார்டு முழு வேகம் போகாது. அடாப்டரில் ஆம்பியர் எண்ணையும் படியுங்கள்.

"இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மேக்ஸ்வெல், அதற்கு அடுத்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். விண்டோஸ் 10க்கான ஆதரவும் அதே 2025 அக்டோபரில் முடிந்தது. ஆறாம் தலைமுறை ப்ராசஸரில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தால், மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸ் 11இல் வேலரண்ட் என்ற ஆன்லைன் கேம் ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். பிள்ளை அந்த கேமைக் கேட்கிறான் என்றால் கடையிலேயே திறந்து பாருங்கள்.

பில்லில் "ஐ5, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று எழுத விடாதீர்கள். "ஜிடிஎக்ஸ் 960எம், 2 ஜிபி ஜிடிடிஆர்5, ஐ5 6300ஹெச்க்யூ, 120 வாட்ஸ் அடாப்டர்" என்று எழுதி, பக்கத்தில் சீரியல் எண்ணும் கடை முத்திரையும் வேண்டும். எழுதி வாங்கிய பிறகு ஜிபே செய்யுங்கள். குடோனிலிருந்து வேறு பீஸ் வருகிறது என்றால், அந்தப் பீஸிலும் அதே கேமை ஓட்டிக் காட்டும் வரை காசு உங்களிடமே இருக்கட்டும்.