தேய்ப்பதா, செருகுவதா, தட்டுவதா: கார்டு மெஷினில் மூன்று வழிகள், மூன்று வகைப் பாதுகாப்பு

ஒரே கார்டுதான். பின்புறம் உள்ள காந்தப் பட்டையைத் தேய்க்கலாம், சிப்பைச் செருகலாம், மெஷின்மேல் தட்டலாம். எந்த வழியில் போனாலும் பில் தொகை ஒன்றே. ஆனால் "இது அசல் கார்டு" என்பதற்கு வங்கியின் கைக்கு வரும் சாட்சி மூன்றிலும் வேறு.

பட்டையிடம் இருக்கும் சாட்சி மிகவும் பலவீனமானது. பட்டையில் தகவல் பதிந்திருக்கும் தடங்களில் இரண்டாவதில் அதிகபட்சம் 40 குறிகள்: கார்டு எண், காலாவதி, சர்வீஸ் கோடு (கார்டை எப்படிப் பயன்படுத்தலாம் என்று மெஷினுக்குச் சொல்லும் எண்), பட்டைக்கென்று ஒரு சிவிவி (சரிபார்ப்பு எண்). கார்டு காலாவதியாகும்வரை இவை மாறுவதில்லை. ஏடிஎம் வாயில் ஸ்கிம்மர் (பட்டையைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் கருவி) ஒட்டுகிறவன் இதைப் படித்து வெற்றுக் கார்டில் எழுதிவிட்டால், அசலையும் நகலையும் வங்கியால் பிரித்தறிய முடியாது. இதனால்தான் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றித்தர ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சர்வீஸ் கோடு 2 அல்லது 6-இல் தொடங்கினால் கார்டில் சிப் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியும். அதைத் தேய்த்தால் "சிப்பைச் செருகவும்" என்று திருப்பி அனுப்பும்.

சிப் வேலை செய்யும் விதமே வேறு. அது ரகசியத்தை வெளியே கொடுப்பதில்லை, கேள்விக்குப் பதில்தான் சொல்கிறது. செருகியதும் தங்கநிறத் தொடுமுனைகள் வழியே மெஷின் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. பிறகு தொகை, தேதி, நாணயம் ஆகியவற்றோடு 4 பைட் தற்செயல் எண் ஒன்றையும் அனுப்புகிறது. சிப் தன் பரிவர்த்தனை எண்ணியை ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் உள்ளிருக்கும் சாவியால் கலக்கி, 8 பைட் கிரிப்டோகிராம் ஒன்றை, அதாவது அந்தப் பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லும் சங்கேதக் குறியை, தருகிறது. சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. கார்டு கொடுத்த வங்கி தன் பாதுகாப்புப் பெட்டியில் உள்ள மூலச்சாவியிலிருந்து இந்தக் கார்டின் சாவியை வருவித்து, அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பின் (PIN, நீங்கள் அழுத்தும் ரகசிய எண்), இருப்பு, வரம்பு எல்லாமும் சரியாக இருந்தால் 00, அதாவது ஒப்புதல், என்ற பதில் வரும். இருப்பு போதாவிட்டால் 51, பின் தவறென்றால் 55, வங்கியின் சர்வர் எட்டவில்லையென்றால் 91.

நேற்றைய கிரிப்டோகிராமை ஒருவன் பிடித்து வைத்திருந்தாலும் இன்று செல்லாது, எண்ணியும் தற்செயல் எண்ணும் மாறிவிட்டன. சிப்பிலிருந்து படித்த விவரத்தைப் பட்டையில் எழுதினாலும் வங்கி கண்டுபிடித்துவிடலாம், சிப்புக்குள் இருக்கும் சிவிவி வேறு. ஓட்டை இல்லாமலும் இல்லை. 2010-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு கருவியை வைத்து, பின் தெரியாமலே பரிவர்த்தனையை முடித்துக் காட்டினார்கள். பின்னைச் சிப்பே சரிபார்க்கும் முறையில்தான் அது பலித்தது. பின் மறையாக்கப்பட்டு வங்கிக்கே போகும் முறையில் அந்த வித்தை நடக்காது.

"கார்டை எடுக்காதீர்கள்" என்று திரையில் வருவதற்கும் காரணம் உண்டு. வங்கியின் பதில் மறுபடியும் சிப்புக்கு வந்து, சிப் இறுதி ஒப்புதல் தர வேண்டும். நடுவில் உருவினால் மெஷின் "தோல்வி" என்று அச்சடிக்கும், ஆனால் அங்கே கணக்கில் தொகை கழிந்திருக்கும். மெஷின் அனுப்பும் ரத்துச்செய்தி நெட்வொர்க்கில் தொலைந்தால் பணம் தொங்கும். 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி அது 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

தட்டுவது, ஏறக்குறைய இதே சிப் கணக்குதான். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில், சில சென்டிமீட்டர் தூரத்தில் நடக்கிறது. பஸ்ஸில் யாரோ பாக்கெட் பக்கம் மெஷினைக் கொண்டுவந்து கார்டை நகலெடுப்பார்கள் என்ற பயம் பெரும்பாலும் வீண். கவலைப்பட வேண்டியது வேறு: 5,000 ரூபாய் வரை பின் தேவையில்லை (2021 ஜனவரி 1-க்கு முன் வரம்பு 2,000). கார்டு அசல்தான் என்று வங்கிக்குத் தெரியும், யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. தொலைந்த கார்டில் ஆபத்து இங்கேதான். தட்டிவிட்டுக் கார்டை எடுத்துவிடுவதால், வங்கி திருப்பிச் சொல்ல நினைப்பது பெரும்பாலும் சிப்பை எட்டுவதில்லை. சில நேரம் தட்டலை மறுத்துச் செருகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பர்ஸோடு தட்டினால் இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லி மெஷின் குழம்பும், தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

சில்லறைச் செலவுக்குத் தட்டலாம். நகைக்கடை, ஆஸ்பத்திரி பில் போன்றவற்றுக்குச் செருகுங்கள், மெஷினை உங்கள் கையில் வாங்கிப் பின் போடுங்கள். சிப் வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் தேய்க்க முயன்றால், தொடுமுனையை உலர்ந்த துணியால் துடைத்து இன்னொரு முறை செருகிப் பாருங்கள். தேய்த்த பரிவர்த்தனை, சிப் தோற்றுப்போனது என்ற குறியோடுதான் வங்கிக்குப் போகிறது, பல வங்கிகள் அதை மறுத்துவிடும். தட்டும் வசதியை வங்கி ஆப்பில் நிறுத்தவும், வரம்பைக் குறைக்கவும் முடியும். புதிதாக வரும் கார்டில் அது மூடியே இருக்க வேண்டும் என்பது 2020 முதல் உள்ள விதி. பணம் தொங்கினால் ரசீதில் உள்ள 12 இலக்க ஆர்ஆர்என் (RRN, அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) எண்ணைக் குறித்துக்கொண்டு, கடையை விட்டுவிட்டுக் கார்டு கொடுத்த வங்கியிடம் நேரே புகார் கொடுங்கள்.